மொட்டைத் தீவின் தோழர்கள்

கற்பிட்டிக் கரையில் நின்று வடக்கே நோக்குவோர்க்குப் புத்தளம் களப்பும் பெருங்கடலும் கலக்கும் திசையில் தாழ்ந்து கிடக்கும் தீவுகள் தென்படும். உச்சமுனை, பத்தலங்குண்டு என்று நம் மீனவர் பெயரிட்டழைக்கும் அம்மணற் பரப்புகளில் பருவந்தோறும் வாடிகள் எழும்; கருவாடு காயும்; பருவம் மாறப் பலர் ஊர் திரும்புவர். உழைப்பவனுக்குத் தீவு என்பது தொழில் செய்யும் இடம். அதிகாரத்தில் அமர்ந்தவனுக்கோ அது சுவர் எழுப்பவேண்டாத சிறை. அந்தமானை வெள்ளையன் அவ்வாறே கண்டான். ரொபன் தீவைத் தென்னாபிரிக்க நிறவெறியர் அவ்வாறே கண்டனர். ஏகாதிபத்தியமும் நிறவெறியும் தீவுகளைச் சிறையாக்கியதில் வியப்பில்லை. தொழிலாளர் ஆட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அரசு, தன் சொந்தத் தோழர்களுக்கென ஒரு தீவைத் தேர்ந்தெடுத்த கதையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

எழுதத் தூண்டியது வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி. அணிசேரா இயக்கம் பற்றிய பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். நேரு, நாசர், சுகர்ணோ, டிட்டோ ஆகியோரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, வல்லரசுகள் இரண்டுக்கும் பணியாது நின்ற நாடுகளின் கதையைச் சொன்னோம். ஸ்டாலினின் ஆணைக்கே தலைவணங்க மறுத்தவர் என்று டிட்டோவைச் சற்றுப் பெருமையோடு அறிமுகஞ் செய்தோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், ரஷ்யாவுக்கே பயப்படாத ஆள் எண்டா, அவர்ட நாட்டுச் சனத்துக்கும் பயமில்லாமக் கதைக்க ஏலுமாயிருந்திருக்கும்தானே?” என்று கேட்டாள். அவளுடைய பாட்டியார் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, கையில் ஒரு பையோடு இக்கரைக்கு வந்து சேர்ந்தவர். பிறரிடமிருந்து விடுதலை கோருவோர் தம்மவரை எவ்வாறு நடத்துவர் என்பது அக்குடும்பத்துக்கு வெறும் பாடநூற் கேள்வியன்று. எனவே, பாடநூலில் இல்லாத விடையை அவளுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டோம்.

யுகோஸ்லாவியாவின் கதை பெருமைக்குரியதாகவே தொடங்குகிறது. 1941இல் ஹிட்லரின் படைகள் அந்நாட்டைத் துண்டாடியபோது, மலைகளில் கூடிய பாட்டாளிகளும் உழவர்களும் மாணவர்களும் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் ஒரு விடுதலைப் படையை உருவாக்கினர். ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்களை அந்நாடு அப்போரில் இழந்தது. 1944 ஒக்டோபரில் பெல்கிரேட் நகரை மீட்கச் செஞ்சேனை துணைநின்றது உண்மை. ஆயினும் கிழக்கு ஐரோப்பாவின் பிற நாடுகளைப்போல் யுகோஸ்லாவியாவின் ஆட்சி பிறர் படையின் பின்னால் வந்ததன்று. மக்கள் தம் குருதியால் வென்றெடுத்தது. அதனாலேயே அதன் தலைவர்கள் மொஸ்கோவின் முன் கைகட்டி நிற்க மறுத்தனர்.

ஸ்டாலினுக்கு இது பொறுக்கவில்லை. 1947இல் பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை இணைக்க அமைக்கப்பட்ட கொமின்போர்ம் என்னும் நிறுவனம், 1948 ஜூன் 28ஆம் நாள் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. டிட்டோவும் அவர்தம் தோழரும் மார்க்சியத்தைக் கைவிட்டனர் எனக் குற்றஞ்சாட்டி, நல்ல கம்யூனிஸ்டுகள் தம் தலைமையை மாற்றவேண்டும் என்று அத்தீர்மானம் அழைப்பு விடுத்தது. தொடர்ந்து பொருளாதார முற்றுகை வந்தது. எல்லையில் மோதல்கள் நிகழ்ந்தன. அண்டை நாடுகளில் ‘டிட்டோவாதி’ என்ற குற்றச்சாட்டே தூக்குக் கயிறாயிற்று. ஹங்கேரியின் லாஸ்லோ ராய்க், பல்கேரியாவின் திரைச்சோ கொஸ்தோவ் ஆகியோர் 1949இல் தூக்கிலேற்றப்பட்டனர். 1952 டிசம்பரில் பிராக் நகரில் ருடோல்ப் ஸ்லான்ஸ்கி உள்ளிட்ட 11 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். ஆகவே யுகோஸ்லாவியாவின் அச்சம் கற்பனையன்று. பெரிய அண்டையன் ஒருவன் சிறிய வீட்டின் கதவை உடைக்கக் காத்திருந்தான் என்பதை மறுப்பது வரலாற்றுக்கு நீதியாகாது.

இனித்தான் கதை இருள்கிறது. யுகோஸ்லாவியக் கட்சி முதலில் ஒரு நேர்மையான காரியத்தைச் செய்தது. தன்னைப் பழித்த அத்தீர்மானத்தையும் தன் மறுமொழியையும் தன் நாளேடான ‘போர்பா’வில் 1948 ஜூன் 30ஆம் நாள் வெளியிட்டது. உறுப்பினர் படித்தனர், கூட்டங்களிற் பேசினர். ஆனால் அவர்களுடைய நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். பல்லாண்டுகளாகச் சோவியத் நாடே நமது விடிவெள்ளி, ஸ்டாலினே நமது ஆசான் என்று அக்கட்சியே அவர்களுக்குக் கற்பித்து வந்தது. ஜூலையில் நடந்த கட்சியின் ஐந்தாவது மாநாட்டிற்கூட ஸ்டாலினின் பெயர் வாழ்த்தொலிகளோடு ஒலித்தது. நேற்றுவரை விசுவாசமாக இருந்தது இன்று துரோகமாயிற்று. எந்த நாளில் கோடு மாறியது என்பதைச் சரியாக அறியாதவன் குற்றவாளியானான்.

‘தீர்மானத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது’ என்றவன் கைதானான். கூட்டத்தில் வாய் திறவாது இருந்தவன் மீது ஐயம் விழுந்தது. மொஸ்கோ வானொலியைக் கேட்டவனும், நண்பன் சொன்ன சொல்லை மேலிடத்துக்கு அறிவியாதவனும் தப்பவில்லை. மத்திய குழுவில் அமர்ந்திருந்த ஆந்த்ரியா ஹெப்ராங், ஸ்ரெத்தன் ஜுயோவிச் இருவரும் தீர்மானம் வெளிவருமுன்னரே 1948 மே மாதம் சிறைப்பட்டனர். ஹெப்ராங் 1949இல் பெல்கிரேட் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. அவர் குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. விடுதலைப் போரில் படைத்தலைமைப் பொறுப்பை வகித்த ஆர்சோ யோவானோவிச் 1948 ஓகஸ்டில் ருமேனிய எல்லையைக் கடக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 1948க்கும் 1963க்கும் இடையில் கொமின்போர்ம் பக்கத்தவர் என 55,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பதியப்பட்டன. அவருள் 16,000க்கு மேற்பட்டோர் கைதாகித் தண்டனை பெற்றனர்.

இவர்களை எங்கே அடைப்பது? ஏட்ரியாட்டிக் கடலின் வடபகுதியில், ராப் என்னும் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, ஆளற்ற ஒரு பாறைத் தீவு இருந்தது. கோலி ஒத்தோக் என்பது அதன் பெயர். நம் மொழியில் மொட்டைத் தீவு எனலாம். மரமில்லை, நிழலில்லை. கற்பிட்டியில் சோளகக் காற்றின் மூர்க்கத்தை அறிந்த நமக்கு அத்தீவின் குளிர்காலத்தை ஓரளவு ஊகிக்க இயலும். பெருநிலத்து வெலெபித் மலையிலிருந்து பாய்ந்திறங்கும் ‘போரா’ என்னும் காற்று, உப்பையும் குளிரையும் ஒருங்கே சுமந்து அப்பாறையை அறைந்துகொண்டிருக்கும். 1949 ஜூலையில் முதற் கைதிகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர்.

அவர்களிற் பெரும்பாலோரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ‘சமூகத்துக்குப் பயன்தரும் உழைப்பு’ என்ற அழகிய பெயரில், அதிகாரிகள் தம் கையெழுத்தாலேயே ஒருவனை 24 மாதங்கள் வரை அடைத்துவைக்கச் சட்டம் இடமளித்தது. அக்காலம் முடிந்தபின் மீண்டும் நீட்டிக்கவும் இடமிருந்தது. பக்கார் துறைமுகத்திலிருந்து ‘பூனாத்’ என்னும் கப்பலின் அடித்தளத்தில் விலங்கிட்டு ஏற்றப்பட்டனர். கரையிறங்கியதும் அவர்களை எதிர்கொண்டது காவலர் கூட்டமன்று. முன்னரே வந்திருந்த கைதிகள் இரு வரிசையாக எதிரெதிரே நின்றனர். நடுவே புதியவர் ஓடவேண்டும். இருபுறத்தாரும் அடிக்கவேண்டும். மெல்ல அடிப்பவன் தன் பழைய கருத்தை இன்னும் விடவில்லை என்று கணிக்கப்பட்டு, அவனும் அந்நடுவழியில் தள்ளப்படுவான்.

அத்தீவின் தனித்தன்மை இதுவே என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஏனைய சிறைகளில் அடிப்பவன் காவலன், அடிபடுபவன் கைதி, இருவர்க்கும் இடையே கோடு தெளிவு. இங்கே தோழனைத் தோழன் அடித்தான். தான் திருந்தியதற்குச் சான்றாக மற்றொருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். திருந்த மறுத்தவன் ‘பகிஷ்கரிப்பு’க்கு உள்ளானான். அவனோடு எவரும் பேசலாகாது. மிகக் கடிய வேலை அவனுக்கே. இரவில் உறக்கமும் அவனுக்கு மறுக்கப்படும். ஓரிடத்துக் கற்களைச் சுமந்து வேறிடத்தில் குவிப்பதும், அவற்றையே மறுநாள் பழைய இடத்துக்குச் சுமப்பதும் வேலையாக இருந்தன. பழுத்த கம்யூனிஸ்டுகளுக்கென்று ஒரு குழி தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கெதிராகத் துப்பாக்கி ஏந்தியவர்களும் அக்குழியில் வாடினர். இரண்டாம் முறை கைதாகி வந்தவர்களுக்குத் தீவில் ‘இரட்டை எஞ்சின்காரர்’ என்று பட்டப்பெயர். மலைச்சரிவில் வெண்கற்களால் டிட்டோவின் பெயரைக் கைதிகளே பதித்தனர். ‘நாம் தீவைக் கட்டுகிறோம், தீவு நம்மைக் கட்டுகிறது’ என்பது அங்கே முழக்கம்.

இதே காலத்தில், 1950 ஜூனில், தொழிற்சாலைகளின் நிருவாகத்தைத் தொழிலாளர் மன்றங்களிடம் ஒப்படைக்கும் புகழ்பெற்ற சட்டம் பெல்கிரேடில் நிறைவேறியது. உலகின் இடதுசாரிகள் பலர் அதனை வியந்து பாராட்டினர். பாராட்டத்தக்க அம்சம் அதில் இல்லாமலுமில்லை. ஆனால் தொழிற்சாலையில் தொழிலாளிக்குப் பொறுப்பளித்த அதே ஆட்சி, கைதியைத் தண்டிக்கும் பொறுப்பைக் கைதியிடமே ஒப்படைத்தது. தன் கையில் அழுக்குப் படாது பிறர் கையால் அடிப்பித்தது. விடுதலையானபின் அடித்தவனும் அடிபட்டவனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்க இயலாதவராய், அதனாலேயே வாய்திறவாதவராய் வாழ்ந்தனர். போதாக்குறைக்கு, தீவில் கண்டதை எவரிடமும் சொல்வதில்லை, காவற்றுறைக்குத் தொடர்ந்து தகவல் தருவோம் என்று கையொப்பமிட்ட பின்னரே வெளியேற முடிந்தது.

அயலிலுள்ள ராப் தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் முசோலினியின் இத்தாலியர் அங்கு ஒரு வதைமுகாம் நடத்தினர். சுலோவீனியரும் குரோவாத்தியரும் யூதரும் பெருந்தொகையாக அங்கே அடைக்கப்பட்டனர். பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அவர்கள் நினைவாக 1953இல் அங்கோர் அழகிய நினைவுக் கல்லறை எழுப்பப்பட்டது. அதனைக் கட்டும் பணியில் மொட்டைத் தீவுக் கைதிகளின் உழைப்புப் பயன்படுத்தப்பட்டது. பாசிசத்தின் முகாமில் மாண்டோர்க்குச் சோஷலிசத்தின் முகாமில் வாடியோர் கல் அடுக்கினர். இதனினும் கசப்பானதொரு காட்சியை எந்தக் கதாசிரியனும் கற்பிக்கத் துணியமாட்டான்.

பெண்களும் விலக்கில்லை. அருகிலுள்ள ஸ்வெத்தி குர்குர் என்னும் தீவில் நூற்றுக்கணக்கான பெண்கள் அடைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஏவா பானிச். விடுதலைப் போரில் பங்குகொண்ட யூதப் பெண்மணி. அவர் கணவர் ராதே பானிச் ஸ்டாலினின் உளவாளி எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் உயிர்மாய்த்துக்கொண்டார். கணவர் மக்களின் எதிரி என்று ஒரு தாளில் கையொப்பமிட்டால் ஏவா ஆறு வயது மகளோடு வீடு திரும்பலாம். அவர் மறுத்தார். இறந்துபோன ஒருவருக்காக உயிரோடிருக்கும் குழந்தையைத் தனியே விட்டுச் சென்றது சரியா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் துரத்திற்று. நட்ட மரக்கன்றுக்கு நிழலாக வெயிலில் அசையாது நிற்பதே தீவில் அவருக்கு விதிக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. எழுத்தாளர் தனிலோ கீஷ் தம் இறுதி ஆண்டான 1989இல் அவருடைய வாக்குமூலத்தைப் படமாக்க உதவியதால், அவர் கதை உலகுக்குத் தெரியவந்தது.

தீவில் அடைக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 13,000 என்பர். நானூறு பேரளவில் அங்கேயே மாண்டனர். சைபீரியாவின் கணக்கோடு ஒப்பிட்டு இது சிறிது என்று வாதிப்போர் உண்டு. ஆனால் ஆட்சியே ஒப்புக்கொண்ட ஓர் உண்மையை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இரகசியக் காவற்றுறையின் தலைவராக விளங்கிய அலெக்சாந்தர் ரான்கோவிச், 1951இல் கட்சியின் மத்திய குழுவிலே பேசுகையில், 1949ஆம் ஆண்டில் நடந்த கைதுகளில் ஏறத்தாழப் பாதி நியாயமற்றவை என்று கூறினார். கூறியபின்னும் தீவு மூடப்படவில்லை.

அது மூடப்பட்ட விதமும் சிந்தனைக்குரியது. 1955 மே மாதம் குருஷ்சேவ் பெல்கிரேடுக்கு வந்து டிட்டோவின் கையைக் குலுக்கினார். நேற்றைய ‘ஏகாதிபத்திய ஏஜண்ட்’ இன்று மீண்டும் தோழரானார். மொஸ்கோவை வழிகாட்டியாகக் கொண்ட கட்சிகள் யாவும் தம் பழைய வசைகளை ஓசையின்றி மடித்துவைத்தன. அரசியற் கைதிகளுக்கான முகாமாகத் தீவு 1956இல் முடிவுற்றது. பின்னர் 1988 வரை அது சாதாரணக் குற்றவாளிகளின் சிறையாக இருந்தது. சோவியத் நாட்டின்மீது கொண்ட பற்றுக்காகவே எலும்பு முறிந்தவர்களைப் பற்றிச் சோவியத் நாடு வாய் திறக்கவில்லை. ஸ்டாலினின் பெயருக்காக வதைபட்டவர்கள் ஸ்டாலினின் வாரிசுகளுக்கும் தேவைப்படவில்லை. இரு அரசுகள் சமாதானம் செய்துகொண்டன. அவ்விரண்டுக்கும் இடையில் நசுங்கிய மனிதன் கணக்கில் வரவில்லை.

அதிகாரம் இடம் மாறி அமர்ந்ததற்கு மற்றொரு சான்று மிலோவான் ஜிலாஸ். கொமின்போர்ம் பூசலின்போது டிட்டோவின் வலக்கரங்களுள் ஒருவர். ஆட்சியின் பிரசார பீடத்தை நடத்தியவர். 1953இன் இறுதியில் கட்சியின் ஏகபோகத்தைக் கண்டித்து எழுதத் தொடங்கினார். 1954 ஜனவரியில் மத்திய குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஹங்கேரிய எழுச்சியை ஆதரித்தமைக்காக 1956இல் சிறை சென்றார். ‘புதிய வர்க்கம்’ என்னும் அவர் நூல் 1957இல் அமெரிக்காவில் வெளிவர, தண்டனை நீண்டது. 1961இல் விடுதலை, ஸ்டாலினுடனான உரையாடல்களை நூலாக்கியமைக்காக 1962இல் மீண்டும் சிறை, 1966இன் இறுதியிலேயே வெளியேறினார். முப்பதுகளில் மன்னராட்சி அவரை அடைத்ததும் அதே ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிச்சாச் சிறையில்தான். மொட்டைத் தீவு நடந்தபோது மௌனமாயிருந்த ஜிலாஸ், பிற்காலத்தில் அதனைத் தம் கட்சி வரலாற்றின் பெருங்களங்கமாக எழுதினார். தாம் சிறைப்பட்ட பின்னரே பிறர் சிறை அவர் கண்ணுக்குப் புலப்பட்டது.

எழுத்தாளரின் நிலையும் வேறன்று. இளமையில் தீவின் கொடுமையை அனுபவித்த திராகொஸ்லாவ் மிஹாய்லோவிச், 1968இல் எழுதிய நாவலில் அக்காலத்தைத் தொட்டார். 1969இல் அது நாடகமாகப் பெல்கிரேடில் மேடையேறியது. டிட்டோவே பொதுக்கூட்டத்தில் கண்டித்ததைத் தொடர்ந்து அந்நாடகம் மேடையிலிருந்து இறக்கப்பட்டது. 1980 மே மாதம் டிட்டோ மறைந்த பின்னரே நாவல்களும் சாட்சியங்களும் அணையுடைந்த வெள்ளமாகப் புறப்பட்டன. எமிர் குஸ்துரிக்காவின் திரைப்படம் ஒன்று, தந்தை சிறைப்பட்டதை ‘அலுவலாக வெளியூர் போயிருக்கிறார்’ என்று குழந்தைக்குச் சொல்லும் ஒரு குடும்பத்தைக் காட்டி, 1985இல் கான் திரைவிழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. ஒரு தலைமுறையே அப்பொய்யைக் கேட்டு வளர்ந்திருந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். டிட்டோ 1959இன் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார். 1961இல் பெல்கிரேடில் கூடிய முதலாவது அணிசேரா மாநாட்டுக்குச் சிறிமாவோ பண்டாரநாயக்கா சென்றார். 1976 ஓகஸ்டில் கொழும்பு மாநாட்டுக்கு டிட்டோ மீண்டும் வந்தார். தெருக்களில் தோரணங்கள் ஆடின. வல்லரசுகளின் பிடியிலிருந்து தப்ப முயன்ற ஒரு சிறு நாடு, அவ்வாறு தப்பிய இன்னொரு நாட்டை வரவேற்றதில் தவறில்லை. ஆனால் நம் இடதுசாரிகளின் எழுத்திலும் மேடையிலும் மொட்டைத் தீவு இடம்பெற்றது அரிது. மொஸ்கோவைச் சார்ந்தோர் 1955க்குப் பின் அதனை மறந்தனர். மொஸ்கோவை எதிர்த்தோர்க்கு டிட்டோவின் துணிவு இனித்தது. தீவில் வாடியோர் ஸ்டாலின் பக்கத்தவர். அவர்களுக்காகப் பேச எவருக்கும் நா எழவில்லை.

இவ்விடத்தில் ஒரு கடிய வினாவை நாம் எதிர்கொள்ள வேண்டும். அவ்வாறு வாடியோர் வென்றிருந்தால் என்ன செய்திருப்பர்? ராய்க்கையும் ஸ்லான்ஸ்கியையும் கொன்றோரின் கொடியையன்றோ அவர்களிற் சிலர் ஏந்தினர்? அது உண்மையாயிருக்கலாம். எனினும், செய்யாத குற்றத்துக்காக, செய்யக்கூடும் என்ற ஊகத்துக்காக, ஒருவன் முதுகில் கல்லேற்ற எந்த அரசுக்கும் உரிமையில்லை. நமக்கு இனியவனுக்காக மட்டும் பேசுவது நட்பு. நமக்குப் பிழையாகத் தோன்றும் கருத்தை உடையவனுக்கும் திறந்த நீதிமன்றத்தைக் கோருவதே நீதி. ஒரு சோஷலிச அரசின் தரத்தை அதன் எஃகு உற்பத்தியைக் கொண்டோ, அந்நிய வல்லரசுக்கு அது காட்டும் துணிவைக் கொண்டோ மட்டும் அளத்தல் போதாது. தன்னோடு மாறுபடும் தோழனை அது எங்கே உட்காரவைக்கிறது என்பதையும் பார்த்தாகவேண்டும்.

நம் நாட்டு இடதுசாரிகள் இச்சோதனையில் தேறியவர்கள் என்று மார்தட்ட இயலாது. 1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது, சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அரசின் பங்காளிகளாக இருந்தன. பிணங்களை மரண விசாரணையின்றி அகற்ற அவசரகால விதிகள் இடமளித்தன. ஆயிரக்கணக்கான இளைஞர் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். அக்கிளர்ச்சியை ஏற்காத சீன சார்புத் தலைவர் நா. சண்முகதாசனும் சிறைக்குத் தப்பவில்லை. எல்லாவற்றிலும் முரண்பட்டு நின்ற மொஸ்கோவும் பீக்கிங்கும் பெல்கிரேடும் இந்த ஒன்றில் ஒன்றுபட்டு அரசுக்கு உதவின. சோவியத் நாடு விமானங்களை அனுப்பியது. யுகோஸ்லாவியா ஆயுத உதவி நல்கியது. சூ என்லாய் பிரதமருக்கு ஆதரவுக் கடிதம் எழுதிக் கடனும் வழங்கினார். சுதந்திரமான சோஷலிசம் எனப்பட்டதும் சுதந்திரமற்றது எனப்பட்டதும் நம் கிராமத்து இளைஞனின் முன் ஒரே முகத்தோடு நின்றன.

இன்னும் அண்மைக்கு வருவோம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கட்டளையால் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை வழக்கின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பன்னிரண்டாகக் குறைத்தது. தடுத்துவைக்க நீதிபதி தேவையில்லை, கையெழுத்துப் போதும் என்ற தத்துவத்தில் இச்சட்டம் மொட்டைத் தீவின் உறவினன். இம்மாவட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தம் தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தை வளர்க்கிறதென்ற குற்றச்சாட்டோடு 2020 மே மாதம் அச்சட்டத்தின்கீழ் கைதானார். அந்நூலிலோ வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளே இருந்தன. பத்தொன்பது மாதங்களின் பின், 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2021 மார்ச்சில் வெளியான ஒழுங்குவிதிகளோ, தீவிரக் கருத்துடையோர் எனப்படுவோரை வழக்கின்றியே ‘புனர்வாழ்வு’ நிலையத்துக்கு அனுப்ப வழிவகுத்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. ‘திருத்துகிறோம்’ என்ற சொல்லுக்கு ஏட்ரியாட்டிக் கடலில் என்ன பொருள் இருந்தது என்பதை அறிந்தோர், அச்சொல் நம் கரையில் ஒலித்தபோது நடுங்காதிருக்க இயலாது.

ஆசிரியத் தோழர்களே! மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றைக் காட்டிச் சோஷலிசக் கனவையே குப்பையிற் கொட்டச் சொல்வோர் பலர் உளர். அவர்களோடு நாம் குரல் சேர்க்கவில்லை. உப்பளத்தில் வெயில் குடிக்கும் தொழிலாளியின் கூலியும், வாடியில் முதலாளியின் முற்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் மீனவனின் கடனும் தீரும்வரை அக்கனவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அக்கனவின் பெயரால் கட்டப்பட்ட முகாம்களைப் பகைவன் எழுதட்டும் என்று விட்டுவிட்டால், நம் கனவைப் பகைவன் கையிலேயே ஒப்படைத்தவராவோம். டிட்டோவின் துணிவைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் மொட்டைத் தீவையும் கற்பிப்போம். அந்நியனை எதிர்த்து நின்றது ஒரு பெருமை; தன்னவனின் எதிர்க்குரலைத் தாங்கிக்கொள்வது அதனிலும் அரிய பெருமை. முன்னதை அடைந்த அவ்வாட்சி பின்னதில் தவறியது.

அடுத்த நாள் வகுப்பில் இவற்றை இயன்றளவு எளிய சொற்களில் அம்மாணவிக்குச் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அங்க இருந்த ஆக்கள்ட பேர் ஏதும் தெரியுமா, சேர்?” என்று கேட்டாள். நேரு, நாசர், சுகர்ணோ, டிட்டோ என்ற பெயர்கள் கரும்பலகையில் இன்னும் அழியாதிருந்தன. அவற்றின் கீழே ஏவா பானிச் என்று எழுதினோம். வகுப்பு முழுவதும் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டது.